பன்னிரண்டாவது நாற்காலியில் சவரிமேரி

கடலூர் முதுநகரில் சின்ன மாதா கோயில் என்று சொல்லப்படும் அந்தக் கோயிலில் ஒரு பொருளைக் காணோம் என்றால் யாரும் தேடுவதில்லை. சவரிமேரிக்குப் போன் போடுவார்கள். தூபத்துக்குக் கரி எங்கே, ஞானஸ்நான வெள்ளைத் துணி எங்கே, மைக்குக்குப் போடும் பேட்டரி எங்கே, போன கிறிஸ்துமஸ் குடிலில் நின்ற ஒட்டகம் எங்கே. அவள் அப்போது அங்கன்வாடியில் இருபது குழந்தைகளுக்குச் சோறு போட்டுக்கொண்டிருப்பாள். ஒரு கையில் கரண்டி, தோளுக்கும் காதுக்கும் நடுவில் போன். பீரோவில் இரண்டாவது தட்டு, நீலக் கவர் என்று சொல்லி முடிப்பதற்குள் அந்தப் பக்கம் போனை வைத்துவிடுவார்கள். பத்தொன்பது வருடமாக இதுதான் நடக்கிறது.

இதற்கு அவளுக்குப் பதவி ஒன்றும் கிடையாது. கோயில் சாமான்களைப் பார்த்துக்கொள்ளும் கோயில்பிள்ளையாக இருந்த பெரியவர் இறந்த பிறகு அந்த இடத்துக்கு யாரையும் போடவில்லை. 'ஆள் கிடைக்கும் வரைக்கும் கொஞ்சம் பாத்துக்கம்மா' என்று அப்போதைய சாமியார் பூசைச் சாமான் அலமாரியின் சாவியைக் கொடுத்தார். அதற்குப் பிறகு ஐந்து சாமியார்கள் வந்து போய்விட்டார்கள். ஆள் மட்டும் கிடைக்கவில்லை. கிடைக்குமா? ஒருத்தி சும்மா செய்துகொண்டிருக்கும்போது எவன் ஆள் தேடுவான்?

சவரிமேரிக்கு நாற்பத்தேழு வயது. பிறந்தது காடாம்புலியூர்ப் பக்கம். ஒன்பதாவது பரீட்சை எழுதிய கையோடு முந்திரிக்கொட்டை உடைக்க உட்கார்ந்தவள். பள்ளிக்கூடம் அதோடு சரி. கொட்டையின் பால் பட்டுப்பட்டு விரல்நுனியெல்லாம் கறுத்துப்போய், கல்யாணப் பந்தலில் மோதிரம் போடும்போது கையை நீட்டவே வெட்கப்பட்டாள். மாப்பிள்ளை அந்தோணிசாமிக்கு முதுநகர் ஐஸ் கம்பெனியில் வேலை. வந்த இடத்தில் அங்கன்வாடியில் உதவியாளர் வேலை கிடைத்தது. சமைப்பது, பெருக்குவது, குழந்தைகளைக் கழுவிவிடுவது. இருபது வருடத்தில் அவளுக்கு மேலே ஆறு பணியாளர்கள் மாறினார்கள். எல்லோரும் அவளிடம்தான் வேலை கற்றுக்கொண்டார்கள். கற்றுக்கொண்டதும் அவளையே ஏவினார்கள். பத்தாவது தேறியிருந்தால் அவளும் பணியாளர் ஆகலாம். தேறவில்லை.

அதனால்தான் இரண்டு வருடத்துக்கு முன்னால் இப்போதைய சாமியார், பள்ளியை விட்ட பெண்களுக்குப் பத்தாம் வகுப்புப் பயிற்சி என்று கோயில் கூடத்தில் தொடங்கியபோது முதல் ஆளாகப் பெயர் கொடுத்தாள். தொடக்க விழாவுக்கு மேடை, ஃப்ளெக்ஸ், பொன்னாடை எல்லாம் தடபுடலாக இருந்தன. கூடத்தைப் பெருக்கி, நாற்காலி போட்டு, டீ வைத்தது யார் என்று கேட்க வேண்டாம். கை துடைத்துக்கொண்டு ஓடிவந்து மாணவிகள் வரிசையில் அவளும் நின்று போட்டோ எடுத்துக்கொண்டாள்.

வகுப்பு வாரத்தில் நான்கு நாள், மாலை ஆறு மணிக்கு. சொல்லிக்கொடுத்தது மேரி ஷாலினி. கணக்கில் பட்டம் வாங்கி, பி.எட். முடித்து, வேலைக்குக் காத்திருந்த பெண். இருபத்தாறு வயதுதான். ஆனாலும் சவரிமேரி அவளை டீச்சர் என்றுதான் கூப்பிட்டாள். மற்ற பாடமெல்லாம் முதல் தடவையிலேயே தேறிவிட்டது. கணக்கு மட்டும் இருபத்தொன்பது. அடுத்த தடவை முப்பத்தொன்று. தேற முப்பத்தைந்து வேண்டும்.

முட்டாள் அல்ல அவள். நூறு பேருக்குக் கஞ்சி காய்ச்ச எத்தனை படி அரிசி என்பதை மனதிலேயே போட்டுச் சொல்லுவாள். உட்கார நேரம் இல்லை, அவ்வளவுதான். ஆறு மணிக்குச் சிலேட்டும் நோட்டுமாக உட்கார்ந்தால் ஆறு பத்துக்கு ஒருவர் தலையை நீட்டுவார். பாடகர் குழுவுக்கு ஆர்மோனியம் வேண்டும். மரியாயின் சேனை ஜெபக் குழுக்காரர்களுக்கு மெழுகுவர்த்தி வேண்டும். மறைக்கல்விப் பிள்ளைகளின் நாடகத்துக்கு மூன்று ராஜாக்களின் கிரீடம் வேண்டும். இருபடிச் சமன்பாட்டைப் பாதியில் விட்டுவிட்டு அவள் எழுந்து போவாள். திரும்பி வரும்போது கரும்பலகையில் வேறு கணக்கு இருக்கும்.

கோயிலுக்குப் பூ கொடுக்கும் தில்லையம்மாளும் அதே வகுப்பில்தான் படித்தாள். ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி என்பார்களே, அது மாதா கோயிலுக்கும் பொருந்தும் என்று இப்போதுதான் தெரிகிறது என்று அவள் கேலி செய்வாள். சவரிமேரிக்குச் சிரிப்பும் வரும், எரிச்சலும் வரும். எரிச்சல்தான் ஜாஸ்தி.

தோற்றது ஊருக்குத் தெரியக்கூடாது என்று அவள் ஒரு ஏற்பாடு செய்திருந்தாள். பரீட்சைக்கு விண்ணப்பிக்கும்போது சிதம்பரத்தில் இருக்கும் தங்கச்சி வீட்டு விலாசத்தைக் கொடுத்து, தேர்வு மையத்தை அங்கே வாங்கிக்கொண்டாள். சொந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில், தான் சோறு ஊட்டி வளர்த்த பிள்ளைகளோடு ஒரே பெஞ்சில் உட்கார அவளால் முடியாது. அந்த மானத்துக்கு விலை, போக வர இரண்டரை மணி நேரம் பஸ்.

இந்த வருடம் மூன்றாவது தடவை. ஜூனில் பதவி உயர்வுக்குப் பட்டியல் எடுப்பார்கள், அதற்கடுத்த பட்டியல் வருவதற்குள் உனக்கு வயது தாண்டிவிடும் என்று மேற்பார்வையாளர் அம்மாள் சொல்லியிருந்தாள். ஆக, இதுதான் கடைசி. கால அட்டவணை வந்தது. கணக்குப் பரீட்சை எந்தத் தேதியில் என்று பார்த்தவள் தலையில் கை வைத்துக்கொண்டாள். ஈஸ்டருக்கு மறுநாள், திங்கட்கிழமை.

கோயில் வேலை தெரிந்தவர்களுக்கு இதன் கொடுமை புரியும். வருடம் முழுக்க இருக்கிற வேலையெல்லாம் ஒரு பக்கம், பரிசுத்த வாரம் ஒரு பக்கம். குருத்தோலை ஞாயிறு, பெரிய வியாழன், பெரிய வெள்ளி, சனிக்கிழமை இரவு பெரிய திரி ஏற்றும் பாஸ்கா, ஞாயிறு ஈஸ்டர். ஒவ்வொரு நாளுக்கும் வேறு நிறத் துணி, வேறு பாத்திரம், வேறு அலங்காரம். கோயில் சிலைகளான சுரூபங்களை ஊதாத் துணியால் மூட வேண்டும், பிறகு திறக்க வேண்டும். வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதை முடிந்து வருகிறவர்களுக்குக் கஞ்சி. மணி அடிக்கக் கூடாத நாட்களில் தட்டுவதற்கு மரப்பலகை. மற்றவர்கள் படிக்கிற கடைசி ஐந்து நாளும் சவரிமேரிக்கு இதில்தான் போகும்.

அவள் துணிந்து சாமியாரிடம் போய், இந்தத் தடவை மட்டும் விட்டுவிடுங்கள் என்று கேட்டாள். அவர் நல்ல மனிதர். கேட்டவுடனே, தாராளமாகப் படியுங்கள், படிப்புதான் முக்கியம், வகுப்பை ஆரம்பித்ததே அதற்குத்தானே என்றார். அவள் கண் கலங்கிப்போனாள். வாசலைத் தாண்டுவதற்குள், பாஸ்காத் திரிக்கு மட்டும் சொல்லிவிடுங்கள், கஞ்சிக்கு அரிசியை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், வேறொன்றும் செய்ய வேண்டாம் என்றார். அந்த 'மட்டும்' ஒவ்வொன்றும் அரை நாள் வேலை என்பது அவருக்குத் தெரியாது. சாமியார்களுக்கு இதெல்லாம் தானாக நடக்கும்.

குருத்தோலை ஞாயிறன்று கோயில் நிர்வாகக் குழுவான பங்குப் பேரவையின் செயலாளர் ஜோசப்ராஜ் பூசை முடிவில் மைக்கைப் பிடித்தார். மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். மைக்கிலிருந்து மட்டும் இன்னும் ஓய்வு பெறவில்லை. பெரிய வியாழனன்று இயேசு சீடர்களின் பாதம் கழுவியதை நினைத்து, சாமியார் பன்னிரண்டு பேரின் பாதம் கழுவுவது வழக்கம். கோயிலைச் சேர்ந்த பங்கில் பன்னிரண்டு அன்பியங்கள். தெருவாரியாகச் சேர்ந்த குடும்பக் குழுக்கள். ஒவ்வொன்றிலிருந்தும் ஒருவர் உட்காருவார். இந்த வருடம் பன்னிரண்டாவது இடத்தில், நம் கோயிலுக்காக மெழுகாய் உருகும் சகோதரி சவரிமேரியை உட்காரவைத்துக் கௌரவிக்கப் பேரவை ஒருமனதாக முடிவு செய்திருக்கிறது என்று அறிவித்தார். எல்லோரும் கை தட்டினார்கள்.

சவரிமேரிக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. அவள் கேட்டது ஐந்து நாள் லீவு. கிடைத்தது ஒரு நாற்காலி.

அந்த வாரம் மேரி ஷாலினி கடைசி முயற்சியாக ஒரு வழி சொன்னாள். எல்லாவற்றையும் படிக்க இனி நேரமில்லை. வடிவியல் எட்டு மார்க், வரைபடம் எட்டு மார்க். இந்த இரண்டையும் கண்ணை மூடிக்கொண்டு போடுமளவுக்குப் பழக வேண்டும். அது பதினாறு. மீதிப் பத்தொன்பதைச் சின்னச் சின்னக் கணக்குகளில் பொறுக்கிக்கொள்ளலாம். திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் சவரிமேரி பூசைச் சாமான் அறையில், இஸ்திரி போடும் மேசை மேல் வரைபடத்தாளை விரித்துவைத்துப் பழகினாள். ஒரு புள்ளி வைப்பாள், கதவு தட்டும். இன்னொரு புள்ளி வைப்பாள், போன் அடிக்கும். புதன்கிழமை மாலை தாளைப் பார்த்த ஷாலினி, ஐந்து புள்ளியில் மூன்று தப்பு என்று கண்டு பென்சிலைக் கீழே வைத்தாள்.

"அக்கா, நான் சொல்றேன்னு கோச்சிக்காதீங்க. நீங்க எங்கிட்ட படிக்க வரல. இங்க இருக்கறவங்க கூப்பிடுறதுக்கு நடுவுல மூச்சு விட வர்றீங்க. இப்புடியே போனா இந்த வாட்டியும் முப்பத்தொண்ணுதான்."

சவரிமேரி வரைபடத்தாளைச் சுருட்டிக்கொண்டு எழுந்தாள். வீட்டுக்குப் போனதும் அந்தோணிசாமியிடம்தான் வெடித்தாள். அவர் மீன் குழம்பில் இருந்து தலையைத் தூக்காமல், நீயாகச் சாவியைக் கீழே வைக்கிற வரைக்கும் அவர்களாக வாங்கிக்கொள்ளப் போவதில்லை என்று சொல்லிவிட்டுச் சாப்பிட்டார். அவள் கோபம் இரண்டு மடங்கானது. காரணம், அவர் சொன்னது சரி.

பெரிய வியாழன் வந்தது. பாதம் கழுவிக்கொள்ள உட்காருகிறவர்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அழுக்குக் காலைச் சாமியாரிடம் நீட்டினால் மரியாதையாகுமா என்று எல்லோரும் வீட்டிலேயே நன்றாகத் தேய்த்துக் கழுவிவிட்டு, நகம் வெட்டி, சிலர் பவுடர் கூடப் போட்டுக்கொண்டுதான் வருவார்கள். சுத்தமான காலைச் சாமியார் மறுபடி சுத்தம் செய்வார். சவரிமேரியும் பித்தவெடிப்பைக் கல்லில் உரசிவிட்டு வந்தாள். மத்தியானமே ஜோசப்ராஜிடம், எல்லாம் எடுத்துவைத்தாயிற்றா என்று கேட்டாள். அதெல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், இன்றைக்கு நீ விருந்தாளி என்று அவர் மார் தட்டினார்.

மாலைப் பூசையில் பிரசங்கம் முடிந்தது. பன்னிரண்டு பேரும் பீடத்துக்கு முன்னால் வரிசையாக உட்கார்ந்து வலது காலை நீட்டினார்கள். சாமியார் மேலங்கியைக் கழற்றிவைத்துவிட்டு வந்து முதல் ஆளுக்கு முன்னால் மண்டி போட்டார். ஜோசப்ராஜ் பித்தளைத் தாம்பாளத்தையும் கூஜாவையும் தூக்கிக்கொண்டு கூடவே வந்தார். தண்ணீர் ஊற்றியாயிற்று. சாமியார் துடைப்பதற்குக் கையை நீட்டினார். துண்டு இல்லை.

தாம்பாளம் இருந்தது, கூஜா இருந்தது, கடைசியில் சாமியார் கை கழுவ எலுமிச்சம்பழம் நறுக்கிக்கூட இருந்தது. துண்டை எடுத்துவைக்க ஒருவருக்கும் தோன்றவில்லை. தோன்றாதது ஆச்சரியமா? பத்தொன்பது வருடமாகத் துண்டு தானாக வந்து அங்கே இருந்தது. அதை எடுத்துவைக்கிறவளைத்தான் இவர்கள் தூக்கி நாற்காலியில் உட்காரவைத்துவிட்டார்களே.

ஜோசப்ராஜ் பன்னிரண்டாவது நாற்காலியைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார். சவரிமேரியின் உடம்பு பழக்கத்தில் எழுந்திருக்கப் பார்த்தது. அவள் நாற்காலியின் இரண்டு பக்கத்தையும் பிடித்துக்கொண்டாள். சாமியார் வேறு வழியில்லாமல் அடுத்த ஆளுக்குப் போனார். பாடகர் குழு பாடிய பாட்டையே திருப்பித் திருப்பிப் பாடிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு காலும் ஈரமாகி, சொட்டச் சொட்ட அந்தரத்தில் நின்றது. கீழே வைத்தால் மண் ஒட்டும் என்று ஒருவரும் வைக்கவில்லை. நான்காவது ஆளுக்குக் கால் நடுங்க ஆரம்பித்துவிட்டது. ஜோசப்ராஜ் இன்னும் இரண்டு தடவை கண்ணைக் காட்டினார், ஒரு தடவை தாடையை ஆட்டினார். கோயிலே அவளைப் பார்த்தது. இதென்ன, இவள் எழுந்து போய் எடுத்துவந்தால் என்ன, என்கிற பார்வை. அந்தப் பார்வையில்தான் அவளுக்குப் பொறுமை போயிற்று.

சாமியார் அவள் முன்னால் வந்து மண்டி போட்டார். தண்ணீர் ஊற்றினார். தலையை நிமிர்த்தி, ரொம்ப மெதுவாக, துண்டு எங்கேம்மா இருக்கு என்று கேட்டார்.

சவரிமேரி இடுப்பில் செருகியிருந்த சாவியை எடுத்து, அவருடைய ஈரக் கையில் வைத்தாள்.

"அலமாரில மேல் தட்டுல இருக்கு சாமி. பன்னண்டு துண்டு, துவைச்சி மடிச்சி வச்சிருக்கேன். எல்லாச் சாமானும் எந்தெந்த இடத்துல இருக்குன்னு கதவுக்குப் பின்னால எழுதி ஒட்டியிருக்கேன். திங்கக்கெழம எனக்குப் பரிட்ச. அது முடியற வரைக்கும் என்ன யாரும் கூப்பிட வேணாம்."

பக்கத்து நாற்காலிக்காரருக்குக் கேட்டது. அவர் மூலமாக மறுநாள் பங்கு முழுக்கக் கேட்டது. சாமியார் ஒரு நிமிடம் அப்படியே மண்டியிலேயே இருந்தார். பிறகு சாவியை ஜோசப்ராஜிடம் கொடுக்காமல், தானே எழுந்து போய்த் துண்டுகளை எடுத்துவந்து, முதல் காலிலிருந்து துடைக்க ஆரம்பித்தார்.

வெள்ளிக்கிழமை அவள் வீட்டிலேயே இருந்தாள். போனை அந்தோணிசாமி வாங்கி ஐஸ் கம்பெனிக்கு எடுத்துப் போய்விட்டார். கஞ்சியில் உப்பு இல்லை என்று தில்லையம்மாள் வந்து சொன்னாள். சனிக்கிழமை பாஸ்காத் திரியின் அடித்தண்டு கிடைக்காமல் மணல் வாளியில் நட்டார்களாம். ஞாயிறு காலைப் பூசைக்குப் போன சவரிமேரி, பீடத்துணி உள்பக்கம் வெளியாக விரிக்கப்பட்டிருந்ததைப் பார்த்தாள். கை அரித்தது. நான் இல்லையென்றால் கோயில் நின்றுபோகும் என்று நினைத்திருந்தாள். கோணல்மாணலாக நடந்தாலும் நடக்கத்தான் செய்தது. அது அவளுக்கு நிம்மதியாகவும் இருந்தது, சுருக்கென்றும் இருந்தது. நற்கருணை வாங்கிக்கொண்டு நேராக வீட்டுக்கு வந்து, சாயங்காலம் வரைக்கும் பதினான்கு வரைபடம் போட்டாள்.

திங்கட்கிழமை காலை ஆறரைக்குப் பஸ் ஏறினாள். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் எல்லாம் வந்து போனது அவளுக்குத் தெரியாது. தொடுகோடு வரைகிற படிகளை வாய்க்குள் சொல்லிக்கொண்டே இருந்தாள். சிதம்பரத்தில் அந்தப் பள்ளிக்கூட வாசலில் பதினைந்து வயதுப் பிள்ளைகள் அவளை யாருடைய அம்மாவோ என்று பார்த்தார்கள். பார்க்கட்டும். வினாத்தாளில் முதலில் கடைசிப் பக்கத்தைத் திருப்பினாள். வரைபடம் அவள் பழகிய மாதிரியே வந்திருந்தது. புள்ளிகளை ஒவ்வொன்றாக வைத்தாள். மூன்று மணி நேரம் ஒருவரும் அவளைக் கூப்பிடவில்லை. முந்திரிக்கொட்டை உடைக்க உட்கார்ந்த நாளிலிருந்து, அவளை யாருமே எழுப்பாத மூன்று மணி நேரம் அதுதான் முதல் தடவை. ஒரு கணக்கை எழுதிக்கொண்டிருக்கும்போதே கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. தாளில் விழாமல் முந்தானையால் துடைத்துக்கொண்டாள்.

மே மாதம் முடிவு வந்தது. நாற்பத்திரண்டு. ஜூனில் பதவி உயர்வுப் பட்டியலில் அவள் பெயரும் இருந்தது.

அந்த மாதப் பேரவைக் கூட்டத்துக்கு அவளைக் கூப்பிட்டனுப்பினார்கள். சாவியைத் திரும்ப வாங்கிக்கொள்ளச் சொல்வார்கள் என்று, வாங்கப் போவதில்லை என்கிற முகத்தோடுதான் போனாள். அவர்கள் அதைப் பற்றிப் பேசவில்லை. பொன்னாடை போர்த்தினார்கள். மேரி ஷாலினி வேலை கிடைத்துப் போகிறாளாம். புதிதாக ஒன்பது பெண்கள் வகுப்பில் சேர்ந்திருக்கிறார்களாம். வேறு டீச்சர் கிடைக்கும் வரைக்கும் வகுப்பைச் சவரிமேரி பொறுப்பெடுத்து நடத்த வேண்டுமாம். ஒரு சுமையை இறக்குவதற்குள் இன்னொன்றைத் தூக்கி வைக்கிற சாமர்த்தியம் உலகத்தில் வேறு யாருக்கும் வராது. அவள் பெயர்ப் பட்டியலைக் கேட்டு வாங்கிப் படித்தாள். படிக்கப் படிக்க முகம் மாறியது.

"சாமி, இதுல இருக்கற ஒம்போது பேருல மூணு பேரு கோயில் பெருக்குறவங்க. ரெண்டு பேரு கஞ்சி காச்சுறவங்க. ஒருத்தி துணி துவைக்கிறா. மிச்சம் மூணு பேரு பூக்கட்டுறவங்க. நான் நடத்துறேன். ஆனா பரிட்ச முடியற வரைக்கும் இவுங்கள ஒருத்தரும் ஒரு வேலைக்கும் கூப்பிடக் கூடாது. பரிசுத்த வாரமா இருந்தாலும் சரி."

ஜோசப்ராஜ் தொண்டையைச் செருமிக்கொண்டு, நியாயம்தான், ஆனால் இந்த ஒன்பது பேரும் வரவில்லை என்றால் அப்புறம் கோயில் வேலைக்குத்தான் யார் இருக்கிறார்கள் என்று கேட்டார்.

சவரிமேரி மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்களை ஒவ்வொருவராக எண்ணினாள். விரலை நீட்டித்தான் எண்ணினாள்.

"நீங்க பதினோரு பேரு இருக்கீங்களே."

சாமியார்தான் முதலில் அசைந்தார். தீர்மானப் புத்தகத்தை ஜோசப்ராஜ் பக்கம் தள்ளி, எழுதுங்கள் என்றார். எப்படி எழுதுவது என்று அவர் இழுத்தார். சவரிமேரி அவர் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். பதினோரு பேரும் கையெழுத்துப் போட்டு முடிக்கும் வரைக்கும் அவள் எழுந்திருக்கவில்லை.